அம்புக்குறி காட்டிய பக்கம்

வீடியோவில் ஒருவரைத் தோளுக்கு மேலேதான் பார்க்க முடிகிறது. இத்தனை நாளும் அதை ஒரு குறையாக அண்ணி நினைத்ததில்லை. முந்தாநாள் காலை வாடகைக் காரிலிருந்து நாத்தனார் இறங்கியபோதுதான் நினைத்தாள்.

போன வாரக் கதையை அந்தக் கார்க் கதவு திறந்ததோடு நிறுத்திவிட்டேன் என்று பலருக்குக் கோபம். ஒரு வாசகி, 'உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?' என்றே கேட்டுவிட்டார். இருக்கிறது அம்மா. அதனால் இழுக்காமல் சொல்லிவிடுகிறேன். காரிலிருந்து இறங்கிய சின்னவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

அவள் யாரையோ பதிவுத் திருமணம் செய்துகொண்டாள் என்பது அரசல்புரசலாக அண்ணியின் காதுக்கு வந்திருந்தது. இது வரவில்லை. தினமும் காலையில் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறவர்கள்தான் இரண்டு பேரும். "எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கலாமா மேடம்?" "ஆக்குங்க மேடம்." இப்படி எழுத்து பெரிதானதெல்லாம் தெரிந்தது, வயிறு பெரிதானது தெரியவில்லை.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போர்டெல்லாம் வந்திருக்கு. உள்ளே போகலாமா?"

"போகலாம் மேடம்" என்றாள் நாத்தனார்.

நல்ல குடும்பம் போங்கள்!

புதிதாகப் படிக்க வந்தவர்கள் முழிக்க வேண்டாம். பெரிய பெரிய கட்டடங்களில் 'மருந்தகம் இந்தப் பக்கம், லிஃப்ட் அந்தப் பக்கம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதை வடிவமைக்கும் ஒரு சின்னக் குழு அண்ணியுடையது. மூன்றே பேர், ஆளுக்கொரு ஊர். எழுத்தெல்லாம் சின்னவள் பொறுப்பு. படம் வரைகிறவர் ஒரு நல்ல மனிதர். மீட்டிங்கில் ஒலியை அணைத்துவிட்டு அது தெரியாமல் அரைமணி நேரம் பேசுவார். 'மியூட்ல இருக்கீங்க, மியூட்ல இருக்கீங்க' என்று மற்ற இருவரும் கத்திக் கத்தி, மியூட் என்பதே அவர் பெயராகிவிட்டது.

இனி வீட்டுக் கதை. அண்ணியின் மாமனார் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். தன் சிநேகிதரின் மகனுக்குப் பெண் தருவதாக வாக்குக் கொடுத்தார். நிச்சயத்துக்கு முதல் நாள் சின்னவள் முடியாது என்றாள். "அப்படின்னா இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் அவர். அவளும் மிதிக்கவில்லை. அவள் மனதில் வேறு ஒருவர் இருக்கிறார் என்பது அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் முன்பே தெரியும். அந்த ஒருத்தி அன்றைக்குச் சமையலறையில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவே இல்லை. அப்பாவின் மேல் இருந்ததைவிட அந்த அண்ணியின் மேல்தான் சின்னவளுக்கு ஆத்திரம் அதிகம்.

ஆனால் அவளைக் குழுவில் சேர்த்துவிட்டது அந்த அண்ணிதான், சண்டைக்கு முன்பே. 'வேலையை விடுகிறேன்' என்று சின்னவள் சொல்லட்டும் என்று அண்ணி காத்திருந்தாள், 'விட்டுவிடு' என்று அண்ணி சொல்லட்டும் என்று சின்னவள் காத்திருந்தாள். ரோஷத்தில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை. 'அண்ணி' போய் 'மேடம்' வந்தது. 'நீ' போய் 'நீங்க' வந்தது. இரண்டு வருடமாக இப்படியே வண்டி ஓடுகிறது. இவர்கள் உறவுக்காரர்கள் என்று மியூட்டுக்குத் தெரியாது. தன் வீட்டுக்குள்ளிருந்தே மருமகள் தினமும் தன் மகளோடு பேசுகிறாள் என்பது மாமனாருக்குத் தெரியக் கூடாது என்று அண்ணியும் அவள் கணவரும் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள்.

இப்போது வேலை ஒரு புது ஆஸ்பத்திரியில். நாளை மறுநாள் திறப்பு விழா. சுவரில் மாட்டிய பலகைகளை நேரில் சரிபார்க்க மூவரும் மூன்று நாள் ஒன்றாகக் கூடியிருந்தார்கள். இன்று கடைசி நாள்.

நேரில் கூடினார்களே தவிர, பழக்கம் விடுமா? ஆஸ்பத்திரித் துணிமணி வைப்பதற்கென்று கட்டிய அறையை இவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, பத்தடி தூரத்தில் இருப்பவருக்கு செல்போனில் செய்தி அனுப்பினார்கள். மியூட் பேசுவதற்கு முன்னால் கையைத் தூக்கினார். "சொல்லுங்க" என்று அண்ணி சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். முதல் நாளே எங்கிருந்தோ கை வைத்த நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து சின்னவளுக்குப் போட்டார். கூடப் பிறந்தவனின் மனைவிக்கு அது தோன்றவில்லையே என்று அண்ணிக்கு உறுத்தியது. உறுத்தலோடு உறுத்தலாக, பலகைகளின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. வரைபடத்தில் இருப்பதுதான் சுவரில் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை, நிறம் மாறவில்லை, ஒன்றுகூடக் கோணல் இல்லை. பாக்கி இருந்தது நடைப் பரீட்சை ஒன்றுதான்.

அது இந்தக் குழுவின் வழக்கம். கட்டடத்தைப் பார்த்தே இராத ஒருவரை வாசலில் நிறுத்தி, 'எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குப் போங்கள்' என்பார்கள். அவர் பலகைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். குழுவில் ஒருவர் பின்னாலேயே போவார், ஆனால் பேசக் கூடாது. தப்பான பக்கம் திரும்பினாலும் கூப்பிடக் கூடாது. நோயாளிக்கு யார் பின்னால் வந்து சொல்வார்கள்? இந்தச் சட்டத்தைப் போட்டவளே அண்ணிதான்.

நடக்க ஒப்புக்கொண்டவர் எதிர்வீட்டு டெய்லர். அவரை வண்டியில் கூட்டிவரும் பொறுப்பு அண்ணியின் கணவருடையது. சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் மாமனார்.

அண்ணி கணவரைத் தனியே இழுத்தாள்.

"என்னங்க, டெய்லர் எங்கே?"

"அவருக்கு ஏதோ அவசர ஆர்டராம்" என்றார் கணவர், வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு. "அப்பா வீட்ல சும்மாதானே இருக்கார், கூட்டிட்டு வந்துட்டேன்."

"உள்ளே யார் இருக்கான்னு தெரியுமில்ல?"

"மெதுவாப் பேசு. நடந்து முடிச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்."

மாமனார் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நின்றார். "எங்கேருந்து நடக்கணும்மா?"

"ரெண்டு நிமிஷம் மாமா. உள்ளே ஒரு வேலை பாக்கி இருக்கு, வந்துடறேன்."

துணி அறைக்கு அவள் போன வேகத்தைப் பார்த்திருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏதோ தீ விபத்து என்று நினைத்திருப்பார்கள். சின்னவள் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் காலை நீட்டிக்கொண்டு அறை எண் ஸ்டிக்கர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மியூட் தன் மூலையில் இருந்தார்.

"உங்கப்பா வந்திருக்கார்" என்றாள் அண்ணி.

"யாரு?"

"மாமா. வாசல்ல நிக்கிறார். இன்னைக்கு நடக்கப்போறது அவர்தான்."

சின்னவள் நீட்டிய காலைக் கீழே இறக்கினாள். "அண்ணி! என்ன அண்ணி சொல்றீங்க?"

"அண்ணியா?" என்றார் மியூட். அவரை யாரும் கவனிக்கவில்லை.

"பயப்படாதே. அவர் போகவேண்டியது எக்ஸ்ரேக்கு. நடைபாதை பிரியற இடத்துல அது இடது பக்கம். நாம இருக்கிறது வலது பக்கம், கடைசி. இந்தப் பக்கம் அவர் வர்றதுக்கு வழியே இல்லை. நீ கதவைச் சாத்திட்டு உள்ளேயே இரு."

"கதவுக்கு இன்னும் தாழ்ப்பாளே போடலையே!"

"சும்மா சாத்தி வை, போதும்."

சின்னவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டேன். சொல்லாம கொள்ளாம இப்படி வந்து நிக்கிறேன். என்னைப் பார்த்துட்டு மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னாருன்னா, இந்தத் தடவை என்னால தாங்க முடியாது அண்ணி."

"ஒண்ணும் ஆகாது."

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. 'ஒண்ணும் ஆகாது, நான் பேசறேன்'னு. பேசினீங்களா?"

சுருக்கென்று தைத்தது அண்ணிக்கு. இரண்டு வருடமாக எழுத்தளவிலும் நிறத்திலும் மறைத்து வைத்திருந்த கேள்வி, ஒரு வழியாக நேரில் வந்துவிட்டது.

"இன்னைக்கு நான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

நடை தொடங்கியது. மாமனார் முன்னால், நாலடி விட்டு அண்ணி, அவளை ஒட்டிக் கணவர்.

பலகைக்கு மாமனாரைப் போல மரியாதை கொடுக்கிற மனிதரைப் பார்க்க முடியாது. 'ஒருவழிப் பாதை' என்று போட்டிருந்தால் நடந்து போகும்போதுகூட எதிர்ப்பக்கம் நுழையமாட்டார். ஒவ்வொரு பலகையின் முன்னும் நின்றார், வாய்விட்டுப் படித்தார், தலையை ஆட்டினார், நகர்ந்தார். "பதிவு செய்யுமிடம். சரி. ரத்தப் பரிசோதனை. அது நமக்கு வேண்டாம்."

மருந்தகத்துக்குப் பக்கத்தில் நின்று, பலகையை அண்ணாந்து பார்த்தார். "எழுத்து நல்லா இருக்கும்மா. கண்ணாடி போடாமலே தெரியுது. யாரு எழுதினது?"

பேசக் கூடாது என்ற சட்டம் அண்ணியைக் காப்பாற்றியது. அவள் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "ஓ, பேசக் கூடாதுல்ல" என்று அவர் நடந்தார்.

நடைபாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. மேலே பெரிய பலகை. மாமனார் படித்தார். வலது பக்கம் திரும்பினார்.

"எக்ஸ்ரே இடது பக்கம்னு சொன்னே?" என்று கணவர் கிசுகிசுத்தார்.

அண்ணி பலகையைப் பார்த்தாள். எக்ஸ்ரே என்ற எழுத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று, அம்புக்குறி வலது பக்கம் காட்டியது.

மூன்று நாளாக இந்தப் பலகைக்குக் கீழே எத்தனை தடவை போய்வந்திருப்பாள்! வழிதான் தெரியுமே, அம்பை யார் பார்த்தார்கள்? கட்டடம் கட்டியவர்கள் எக்ஸ்ரே அறையைக் கடைசி நேரத்தில் இடம் மாற்றியிருந்தார்கள். உள்ளூரில் இருப்பவள் என்பதால் அண்ணி வந்து இதே இடத்தில் நின்று, செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, இடது கையை நீட்டி, "இனிமே எக்ஸ்ரே இந்தப் பக்கம்" என்று வீடியோவில் மற்ற இருவருக்கும் காட்டினாள். எதிரில் நிற்பவரின் இடது கை நமக்கு வலது பக்கம்தானே நீளும்? திரையில் கை நீண்ட பக்கத்துக்குச் சின்னவள் அம்பைப் போட்டாள். மியூட் வரைபடத்தை அதன்படி மாற்றினார். வரைபடத்தையும் சுவரையும் மூன்று நாளாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே தப்பைச் சொன்னதால், கச்சிதமாகப் பொருந்தின.

கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. டெய்லர்தான். 'புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி எப்போது வரும்?'

அண்ணி அதைக் கணவரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அவசர ஆர்டர்!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எத்தனை நாளைக்குத்தான் இப்படியே இருக்கிறது? எனக்கு அவ தங்கச்சி இல்லையா? நடந்து முடிச்சதும் ரெண்டு பேரையும் ஒரு டீ குடிக்க உட்கார வச்சுடலாம்னு நினைச்சேன்."

"டீயா? எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு நாளா முழிக்கிறேன், அவளுக்கு இப்போ ஏழு மாசம்ங்க!"

"என்ன ஏழு மாசம்?"

அண்ணி தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினாள். விஷயம் மெல்ல உள்ளே இறங்கியது. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"ஐயையோ! கூப்பிடு, அப்பாவைக் கூப்பிடு! நேரா அங்கேதான் போறார்!"

கூப்பிட்டிருக்கலாம். 'மாமா' என்று ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் நின்றிருப்பார். கணவர் கூப்பிட வாயைத் திறந்தும்விட்டார். அண்ணி அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

"பேசக் கூடாது. பரீட்சை நடக்குது."

சட்டமாவது ஒன்றாவது! அன்றைக்குச் சமையலறையில் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றது பயத்தில். இன்றைக்கும் பயம் இருந்தது, ஆனால் இது பயம் மட்டும் இல்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் வா என்று கூப்பிடப்போவதில்லை. அப்பா அவர் வீட்டில், மகள் அவள் ஊரில் என்று இன்னும் பத்து வருடம் போனாலும் போகும். அவர் பாட்டுக்குப் போகிறார், போகட்டும் என்று நினைத்தாள். நினைத்த மறு நொடியே, 'இன்னைக்கு நான் இருக்கேன்' என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது நினைவுக்கு வந்து ஓட்டமும் நடையுமாகப் பின்னால் விரைந்தாள்.

மாமனார் கடைசிக் கதவைத் தட்டினார். "எக்ஸ்ரே இதுதானே?" என்று கேட்டுக்கொண்டே திறந்தார்.

சின்னவள் எழுந்து நின்றாள். கால் இடறி அட்டைப் பெட்டி நகர்ந்தது. மியூட்டும் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கினார்.

மாமனார் முதலில் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

அண்ணி இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். மூச்சு இரைத்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. "மாமா, தப்பெல்லாம் என்னோடது. அம்பைத் தப்பாக் காட்டினதும் நான்தான். ரெண்டு வருஷமா தினமும் இவகூடப் பேசிட்டு இருக்கேன், உங்ககிட்ட மறைச்சேன். அன்னைக்கு உங்க முன்னாடி வந்து இவளுக்காகப் பேசியிருக்கணும், அதையும் செய்யலை. இவ வாயும் வயிறுமா நிக்கிறா. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க, இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"தெரியும்" என்றார் மாமனார்.

"என்ன தெரியும் மாமா?"

"நீ பேசறது. உன் ரூமுக்கும் என் கட்டிலுக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதானேம்மா இருக்கு? காலையில டீயைக் குடிச்சதும் இவ குரல் வரும். எழுத்து, கலருன்னு ஏதோ சொல்லுவா. எனக்கு ஒண்ணும் விளங்காது. கேட்டுட்டுப் படுத்திருப்பேன்."

அண்ணியும் அவள் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம்!

மாமனார் மருமகளை மெல்ல விலக்கிவிட்டு மகளின் எதிரே போய் நின்றார். "கொஞ்ச நாளா உனக்கு மூச்சு வாங்குது. ஒரு பேச்சு பேசறதுக்குள்ள ரெண்டு தடவை நிறுத்தறே. நெஞ்சுல ஏதோ கோளாறு போலிருக்கே, டாக்டர்கிட்ட காட்டினாளோ இல்லையோ, பக்கத்துல யாரு இருக்காங்களோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. யாரைக் கேக்கிறது? வராதேன்னு சொன்னவனே நான். இவங்களைக் கேட்டா ஒட்டுக்கேட்டது தெரிஞ்சுபோகும்." கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்குத்தானாம்மா? இதுக்குத்தானா அப்படி மூச்சு வாங்குச்சு?"

"ஆமாம்பா" என்றாள் சின்னவள்.

அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மாமனார் அழுதார். சத்தம் போட்டே அழுதார். சின்னவள் குனிய முடியாமல் நின்றபடியே அவர் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினார்.

மியூட்டின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"சொல்லுங்க" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நடைப் பரீட்சை... பாஸா, ஃபெயிலா? என்னன்னு போடட்டும் அக்கா?"

"ஃபெயில்னு போடுங்க. அம்பைத் திருப்பணும். பலகைக்காரருக்கு இப்பவே போன் பண்ணுங்க."

மியூட் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில், அண்ணன் தங்கை அண்ணி மாமனார் என்று நான்கு பேரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தனக்குத் தானே தலையில் தட்டிக்கொண்டார்.

மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் பழைய பஸ் டிரைவரின் விறைப்பு கொஞ்சம் திரும்பியது.

"அவன் எங்கே?"

"யாருப்பா?"

"யாரா? உன்னைக் கட்டினவன்."

"சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வர்றார். நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா வாசலோட நின்னுடுவார்." சின்னவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, வீட்டுக்குக் கூப்பிடறதா இருந்தா ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. என்னை மட்டும்னா நான் வரமாட்டேன்."

அண்ணியின் கணவர் 'சும்மா இரேன்' என்பது போல் கையைக் காட்டினார். அண்ணி காட்டவில்லை. சின்னவளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ஆமா மாமா" என்றாள். "ரெண்டு பேரையும்."

மாமனார் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கை வைத்த நாற்காலியை இழுத்து மகளுக்குப் போட்டார். மியூட்டின் நாற்காலியை எடுத்துக் கதவுக்கு நேராக, வருகிறவர் யாராக இருந்தாலும் தன்னைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும் என்பது போல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவர் வந்தா என்ன சொல்லுவீங்கப்பா?"

"முதல்ல உள்ளே வரட்டும்" என்றார்.